நாற்பத்தேழில் நின்ற பட்டியல்

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்டுப் பிழைப்பது என் தொழில். கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லும், கேட்க மறந்ததைப் பற்றி வாயே திறக்காது.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டு, ஒரு கமா விடுபட்டதற்காக அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லப் போவதில்லை. மாட்டாத புண்ணியவான்களுக்காக ஒரு சின்ன விளக்கம். உங்களிடம் இரண்டு கொப்பிகள், அதாவது நோட்டுப் புத்தகங்கள், இருக்கின்றன. ஒன்றில் ஆட்களின் விவரம், மற்றதில் வீடுகளின் விவரம். இரண்டையும் ஒத்துப்பார்த்து, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எடுத்துத் தரும்படி கம்ப்யூட்டரைக் கேட்க ஒரு பாஷை இருக்கிறது. அதுதான் எஸ்.கியூ.எல். பார்த்தால் சாதுவாக இருக்கும். பழகிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் வேலை செய்வது பதுளை டவுனில், ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில். தேயிலைத் தோட்ட மக்களுக்காக இயங்கும் சின்ன அமைப்பு. போன வருடம் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. அப்புத்தளைக்கு மேலே ஊத்துமலைத் தோட்டத்தில், மேல் டிவிஷனின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் லயங்களுக்கு, ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் சிவப்புப் பெயின்ட் அடித்த கட்டைகளை நட்டுவிட்டு, மழை ஒரு அளவைத் தாண்டினால் இந்த மூன்று லயத்து ஆட்களும் உடனே கீழே பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். யார் யார் இறங்க வேண்டும், எந்த நம்பருக்கு போன் செய்ய வேண்டும் என்ற பட்டியல் ஐப்பசி மழைக்கு முன்னால் தயாராக வேண்டும். அது என் தலையில் விழுந்தது. பட்டியலில் ஒரு வீடு விடுபட்டால் அந்த வீட்டுக்குச் செய்தி போகாது. எழுதும்போது இது எவ்வளவு சின்ன வாக்கியமாக இருக்கிறது, பாருங்கள்.

வரிசையாகக் கொக்கிகள்

எங்கள் தொண்டர்கள் மேல் டிவிஷன் முழுவதும் வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரங்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்து ஏற்றினேன். முதல் அச்சு எடுத்துப் பார்த்தால் ஒரு பெயரைக்கூடக் காணோம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறிகள். பெயர்கள் மேலிருந்து கீழாக இறங்கும் பத்தியை ஆங்கில எழுத்தை மட்டும் தாங்குகிற மாதிரி நான் அமைத்திருந்தேன். தமிழ் எழுத்துக்களை அது விழுங்கிவிட்டு, பதிலுக்குக் கேள்விக்குறியைத் துப்பிவிட்டது.

உலகத்துப் புரோகிராமர்கள் எல்லாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் ஒரு இணையத்தளம் உண்டு. அங்கே போய் என் சந்தேகத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத இரண்டு நாள் ஆயிற்று. வணக்கம் சொல்லி ஆரம்பித்து நன்றி சொல்லி முடித்தேன். நாலே நிமிடத்தில் யாரோ ஒருவர் என் வணக்கத்தை வெட்டி, நன்றியையும் வெட்டி, இந்தக் கேள்வியை ஏற்கெனவே ஒருவர் கேட்டாயிற்று என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் காட்டிய பழைய கேள்வியின் கீழே பதில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தியின் வகையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். விழுங்கிய பெயர்கள் மட்டும் திரும்பி வராது. மறுபடியும் நாலு நாள் உட்கார்ந்து அடித்தேன்.

எங்கள் அமைப்பின் தலைவர் நேசன் சேர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். எந்தக் காகிதத்தையும் மூக்குக்கு நேராகப் பிடித்துத்தான் படிப்பார். அந்த முதல் அச்சையும் அப்படிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தங்கச்சி, மழை வந்தா இந்தக் கொக்கியெல்லாம் பார்த்து யாரைக் கூப்பிடப் போறீங்க?"

பெரகலையில் முனியம்மா

பெயர்கள் தமிழில் வந்ததும் அடுத்த தலைவலி ஆரம்பித்தது. யார் எந்த லயம் என்பது எங்கள் கொப்பியில் சரியாக இல்லை. லயத்து ஆட்கள் யாரும் தங்கள் லயத்தை நம்பர் சொல்லிச் சொல்வதில்லை. கோயிலுக்குப் பக்கத்து லயம், தொட்டிக்கு மேல் லயம், பலாமரத்து லயம் என்றுதான் சொல்வார்கள். தொண்டர்களும் அப்படியே எழுதி வந்திருந்தார்கள். ஆகவே லயம் போட்டுத் தோட்டத்து ஆபீஸ் தந்திருந்த பெயர்ப் பட்டியலோடு பெயரை வைத்து ஒத்துப்பார்த்தேன். மேல் டிவிஷனில் நாலு முனியம்மாக்கள். கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்காமல் ஒவ்வொரு முனியம்மாவுக்கும் நாலு வீடு கொடுத்துவிட்டது.

என்னோடு பதுளையில் கம்ப்யூட்டர் படித்த பிரபு இப்போது கொழும்பில் ஒரு சொஃப்ட்வேர் கம்பனியில் இருக்கிறான். இக்கட்டு என்றால் அவனுக்குத்தான் போன். அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகும் வழியில் பெரகலையில் பஸ் மாறக் காத்துக்கொண்டிருந்தேன். மேடு ஏறும் லொறிகளின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று கத்தினேன். "முனியம்மா நாலு தடவ வருது பிரபு! ஒரு முனியம்மாவ அழிச்சா மத்தவங்களும் சேர்ந்து போயிடுறாங்க!" கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்திவிட்டார்கள். பிரபு பொறுமையாகச் சொன்னான். "பேரை வச்சு ஒத்துப்பாக்காதீங்க சுகந்தி. ஆளுக்கு ஒண்ணுன்னு ஏதாவது நம்பர் இருக்கும்ல, அதை வச்சுப் பாருங்க." எனக்கு அந்த இடத்திலேயே ஞானோதயம் ஆகிவிட்டது. தோட்டத்தில் ஆளுக்கொரு செக்ரோல் நம்பர் உண்டே! எங்கள் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் உண்டே! சந்தோஷத்தில் அதையும் கத்தினேன்.

கடைக்காரர் என் முன்னால் ஒரு பிளேன்டியை வைத்தார். முகத்தில் உண்மையான கவலை.

"அழிக்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். எந்தத் தோட்டத்து முனியம்மான்னு சொல்லுங்க, ஆள் அனுப்பிக் கூட்டியாறேன்."

முத்து முத்தான கையெழுத்து

செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பதிவு. காலையில் பெரட்டுக் களத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று அந்த நம்பரைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். ஊத்துமலையில் அந்தப் புத்தகம் பெரிய கிளாக்கர் ஐயாவின் பொறுப்பில் இருந்தது. நம்பருக்கு எதிரே லயம், காம்பரா என்கிற அறையின் நம்பர் எல்லாம் எழுதியிருந்தார். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு மைக்கறை கிடையாது. தோட்ட மேனேஜர் தொரையிடம் அனுமதி வாங்கி நான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் பக்கம் புரட்டுகிற விதத்தையே அவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் யோசிக்காதவள் இல்லை. எடுத்து முடித்ததும் ஒழுங்காகக் கேட்டேன். "இதுல விட்டுப்போன ஆள் யாராவது இருப்பாங்களா, ஐயா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய கொப்பியைப் பற்றி இப்படி ஒரு சந்தேகத்தை யாரும் இதற்கு முன் கேட்டதில்லை போலிருக்கிறது.

"செக்ரோல்ல இல்லாத ஆள் இந்தத் தோட்டத்துலேயே கிடையாதுங்க, மிஸ்."

பூனைப் படக்காரர்

இரண்டு கொப்பிகளையும் செக்ரோல் நம்பரால் இணைத்தேன். ஐந்து, ஆறு, ஏழு லயங்களில் இருப்பவர்களை மட்டும் தரச் சொல்லிக் கடைசி வரி எழுதினேன். எங்கள் ஆபீஸ் லெப்டொப் மூச்சு வாங்கி வாங்கி ஓடியது. ஓட விட்டுவிட்டு நான் சோறு தின்று, தட்டுக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. மழை நாளில் இப்படி ஓடினால் என்ன செய்வது? மறுபடியும் அந்த இணையத்தளத்துக்குப் போனேன். இந்தத் தடவை வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. பட்டுத் தெளிந்தவள்.

பூனைப் படம் வைத்திருந்த ஒருவர் பதில் போட்டார். எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. புத்தகத்தின் கடைசியில் பக்கம் தேட இருப்பது போல, அந்த நம்பர்ப் பத்திக்கு ஒரு அட்டவணை போட்டு வைக்கச் சொன்னார். போட்டேன். கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. நாற்பத்தேழு குடும்பங்கள். ஒரு எரர் இல்லை. பெயர் தமிழில், லயம், காம்பரா, போன் நம்பர் எல்லாம் அதனதன் இடத்தில். அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆசை யாரை விட்டது? இன்னும் திருத்தமாக எழுத வழி உண்டா என்று அவரையே கேட்டேன். பதில் ஒரே வரி.

"ஓடுகிறது அல்லவா? அப்படியானால் கையை எடுங்கள்."

ஒத்திகை

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை ஒத்திகை வைத்தோம். நாற்பத்தேழு வீட்டுக்கும் செய்தி போனது. எல்லாரும் பாடசாலைத் திடலுக்கு இறங்கி வந்தார்கள். நான் பெயர் வாசிக்க வாசிக்க, "வந்திருக்கோம் மிஸ்", "இந்தா இருக்கேன்" என்று குரல்கள். வாசித்த ஒரு பெயருக்குக்கூட ஆள் இல்லாமல் போகவில்லை. நேசன் சேர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலி ஓரத்தில் கொஞ்சப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

எல்லாரும் கலைந்து போகும்போது செல்வி என்னிடம் வந்தாள். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. என் வயதுதான் அவளுக்கும் இருக்கும். பிள்ளைக்கு ஒரு கோப்பை, கோப்பைக்கு ஒரு ஆணி என்று சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருப்பாள். காலையில் எந்த ஆணியில் கோப்பை மிஞ்சுகிறதோ அந்தப் பிள்ளை வரவில்லை. புத்தகம் இல்லை, நம்பர் இல்லை, ஒரு பிள்ளையைக்கூட இதுவரை தவறவிட்டதில்லை. திடலைப் பார்த்தபடியே, சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இந்த மூணு லயத்துல இருந்து என்கிட்ட பதினேழு புள்ளைங்க வருது. நீங்க வாசிச்ச வீட்டுல பதினொண்ணுதான் இருக்கு. மிச்சம் ஆறும் யாரு புள்ளைங்க, மிஸ்?"

எரர் வராத எரர்

அடுத்த திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். செல்வி சொன்ன ஆறு பிள்ளைகளும் எங்கள் குடும்பக் கொப்பியில் பத்திரமாக இருந்தார்கள். தாய் தகப்பன் பெயரோடு இருந்தார்கள். ஆனால் பட்டியலில் மட்டும் இல்லை. பூனைப் படக்காரரைக் கேட்டேன். என் வரி சரியாகத்தான் இருக்கிறது, தரவில்தான் கோளாறு என்றார். பிரபுவுக்கு போன் செய்தேன். அவன் எப்போதும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டான். "எரர் என்ன வருது?" எரரே வரவில்லை, அதுதான் எரர் என்றேன். எரர் இல்லாவிட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று போனை வைத்துவிட்டான்.

சரி, கம்ப்யூட்டரைக் கேட்டுப் பயனில்லை என்று செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். செல்வியைக் கூட்டிக்கொண்டு ஆறாம் லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து ஆரம்பித்தேன். கதவைத் திறந்தவர் வேலி ஓரத்தில் நின்றவர்களில் ஒருவர். மருதமுத்து அண்ணன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டில் புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான், பெண்சாதி அப்புத்தளையில் ஒரு ஹோட்டல் குசினிக்குச் சமையல் வேலைக்குப் போகிறாள். அதற்கு அடுத்த வீட்டுக்காரர்கள் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு மரக்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். இப்படி மூன்று லயத்திலும் பதினாலு குடும்பங்கள். என் கையில் இருந்த படிவங்களைப் புரட்டினேன். பதினாலிலும் செக்ரோல் நம்பர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடுகளை அடித்து ஏற்றியவளே நான்தான். காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

பெரிய கிளாக்கர் பொய் சொல்லவில்லை. அவர் கொப்பியில் வேலை செய்கிறவர்கள்தான் ஆட்கள். நான் அந்தக் கொப்பியைத் திறவுகோலாக வைத்தேன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிற என் அம்மாவுக்கு செக்ரோல் நம்பர் நின்று எட்டு வருடமாகிறது. என் பட்டியலில் என் அம்மாவே வரமாட்டாள். லயத்தில் பிறந்து, லயத்திலிருந்து படிக்கப் போனவள் எழுதிய வரி இது. வெட்கத்தில் அந்தப் படிவங்களையே மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். மருதமுத்து அண்ணன்தான் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

"நம்பருதான் நின்னுபோச்சு மிஸ். ஆளு இங்கதானே இருக்கேன்."

கல்லின் மேல் நின்று

மேல் டிவிஷனில் லயங்களுக்குள் போன் மணி அடிக்கும், செய்தி வரும், ஆனால் அறுபடாமல் பேசச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு கல். அதில் ஏறி நின்று பிரபுவுக்கு போன் போட்டு, நான் எழுதியிருந்ததை வரி வரியாக, எழுத்து எழுத்தாக வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே அவன் "ஐயோ" என்றான். நான் இரண்டு கொப்பிகளையும் இணைத்திருந்தது இன்னர் ஜொயின் என்ற முறையில். இரண்டிலும் இருக்கிறவன்தான் அதற்கு ஆள். ஒன்றில் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தள்ளிவிடும். முதல் கொப்பியில் இருக்கிற எல்லாரையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் லெஃப்ட் ஜொயின் போட வேண்டும். ஒரே ஒரு சொல். அதை அவன் எனக்கு மூன்று தடவை சொல்லச் சொல்லி, நான் திருப்பிச் சொல்லி, அவன் திருத்தி, ஒரே கூச்சல்.

கல்லுக்குக் கீழே ஒற்றையடிப் பாதையில் கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். முன்னால் போனவள் பின்னால் வந்தவர்களைக் கையமர்த்தினாள்.

"மிஸ் யாருக்கோ மந்திரம் ஓதுறாங்க. முடியட்டும், சத்தம் போடாதீங்கடி."

மறுபடியும் நாற்பத்தேழு

பதுளைக்கு வந்து அந்த ஒரு சொல்லை மாற்றினேன். ஓட்டினேன். நாற்பத்தேழு. தப்பாக அடித்துவிட்டேன் போல என்று திரும்ப ஓட்டினேன். நாற்பத்தேழு. லெப்டொப்பை அணைத்து, போட்டு, ஓட்டினேன். நாற்பத்தேழு. இந்தத் தொழிலில் இருக்கிற என் சகோதர சகோதரிகளுக்குத் தெரியும், இந்த நேரத்தில் மனிதருக்குத் தன் மூளைமேலேயே சந்தேகம் வந்துவிடும். பூனைப் படக்காரருக்கு முழுவதையும் எழுதினேன். இந்தத் தடவை மலை, வெடிப்பு, லயம் என்று காரணத்தையும் எழுதினேன். அவர் நீளமாகப் பதில் போட்டார். கடைசி வரியில் நான் ஐந்து, ஆறு, ஏழாம் லயம் மட்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். லய நம்பர் இருப்பது செக்ரோல் கொப்பியில். அதில் இல்லாத பதினாலு குடும்பங்களுக்கும் லயம் எது என்று என் டேட்டாபேஸுக்கே தெரியாது. ஒரு வாசலால் உள்ளே விட்டு, மறு வாசலால் வெளியே அனுப்பியிருக்கிறேன். இதை எந்தச் சொல்லை மாற்றியும் சரிசெய்ய முடியாது, யாராவது நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று முடித்திருந்தார்.

போனேன். இந்தப் பட்டியலை முடிக்காமல் வேறு வேலை தொடுவதில்லை என்று நேசன் சேரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். பதினாலு குடும்பம் என்பதும் நானும் செல்வியும் கண்ட கணக்கு. வேறு யாராவது விடுபட்டிருந்தால்? செக்ரோல் இருப்பவன் இல்லாதவன் என்று பார்க்காமல், மேல் டிவிஷனில் ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கி, லய நம்பரையும் காம்பரா நம்பரையும் எங்கள் கொப்பியிலேயே எழுதினேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டு மத்தியானத்துக்கு மேல் செல்வி வந்து சேர்ந்துகொள்வாள். அட்டை கடித்தது, குடை முறிந்தது, செருப்பு இரண்டும் போயின. இரண்டாம் நாள் பெரிய கிளாக்கர் ஐயா குடையோடு லயத்துப் பக்கம் வந்தார். செல்வி எனக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். செக்ரோலில் இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் சேர்க்கக் கூடாது என்பது ஒழுங்கு. செல்வி அந்த ஆறு பிள்ளைகளுக்கும் ஆணி அடித்திருந்ததை, வீடு வீடாகப் போய் விசாரித்து நான்தான் ஊருக்கே அம்பலமாக்கியிருந்தேன். அவர் செல்வியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார்.

"என் புத்தகத்துல இவங்க இல்லைதான். ஆனா எந்தக் காம்பராவுல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். எழுதிக்கிங்க, சொல்றேன்."

கோட்டைத் தாண்டிய நாள்

நாலாவது நாள் முடிந்து வந்து பட்டியலை ஓட்டினேன். இப்போது லயம் எங்கள் கொப்பியிலேயே இருந்ததால் நம்பர் இருக்கிறவர்களும் வந்தார்கள், நின்றுபோனவர்களும் வந்தார்கள். அறுபத்தொரு குடும்பங்கள். ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. மழை அளக்கும் குவளையைப் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் வைத்து, அதில் சிவப்புக் கோடு ஒன்றும் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை பத்து மணி போலச் செல்வி அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று எனக்கு போன் செய்தாள். "கோட்டைத் தாண்டிருச்சு மிஸ்." அறுபத்தொரு வீட்டுக்கும் செய்தி அனுப்பினேன். போன் எடுக்காத வீடுகளுக்குக் கிளாக்கர் ஐயா ஆள் அனுப்பினார். நானும் நேசன் சேரும் ஒரு வேனைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, மூன்று லயமும் பாடசாலை மண்டபத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. செல்வி கோப்பைகளை ஒரு உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து, மண்டபத்து ஜன்னல் கட்டையில் பதினேழையும் அடுக்கி வைத்திருந்தாள். அவள் எண்ணிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தே எல்லாப் பிள்ளையும் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மூன்று மணி போல மேலே கல் லொறி ஒன்று சாய்த்துக் கொட்டின மாதிரி ஒரு சத்தம். மழையோடு சிலர் மேலே ஏறிப் போனார்கள். பிறகு பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். ஆறாம் லயத்தில் கடைசி மூன்று காம்பராவும் தகரக் கூரை மட்டம்வரை மண். மூன்றும் செக்ரோலில் இல்லாத வீடுகள். என் பழைய பட்டியல் அந்த மூன்று கதவையும் தட்டியிருக்காது. அழுதவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன், அதை மறைப்பதற்கில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டியலை எடுத்து முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு வீட்டுப் பெயருக்கும் குரல் வந்தது. மருதமுத்து அண்ணனின் பெயர் ஆறாம் லயத்தில் ஒரு தடவை வந்தது. ஏழாம் லயத்தில் மகள் வீட்டில் அவர் சாப்பிடுவதால் அங்கேயும் அவரை எழுதியிருந்தோம். அந்த இரட்டை வரியை நான் கவனிக்கவில்லை. வீடு, கட்டில், பானை சட்டி எல்லாம் மண்ணுக்குள் போன மனிதர் இரண்டாம் தடவையும் எழுந்து நின்றார்.

"எம்பேரு ரெண்டு தடவ வருது மிஸ். பரவால்ல, அப்புடியே இருக்கட்டும்."

இரட்டை வரியை நீக்க எஸ்.கியூ.எல்.லில் ஒரே ஒரு கட்டளை போதும் என்று எனக்கும் தெரியும், ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் யாரிடமும் உதவி கேட்காமல் அப்படியே வைத்திருக்கும் பிழை அது ஒன்றுதான்.